கர்த்தாவின் தட்டு

"இன்னிக்கும் மீன் தலை அண்ணனுக்குத்தானா?" என்று தபன் கேட்டான்.

அவன் மனைவி கேயா ரோகு மீனின் நடுத்துண்டு ஒன்றை அவன் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

ஷோவாபஜார் மித்திரர் வீட்டில் பாட்டன் காலம் முதல் ஒரே அடுப்புதான். மீன் தலை குடும்பத் தலைவரான கர்த்தாவுக்கு. அப்பா இருந்தவரை கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து, உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிடுவார். அவருக்குப் பின் கர்த்தாவான அண்ணன் பிரபீரோ, தட்டை மூடி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார்.

தபனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. விதவையானவள் மீனைத் தொடக்கூடாது என்ற வழக்கப்படி அம்மா வெறும் காய்கறியோடு காலம் தள்ளும் வீட்டில், ஒருவர் ஒளிந்து ருசி பார்ப்பதா? பாகம் பிரித்துத் தனி அடுப்பு மூட்டிவிடுவது என்று முடிவு கட்டி, மறுநாள் சாப்பாட்டு வேளைக்கே வக்கீலை வரவழைத்துவிட்டான்.

வக்கீல் சுபோத் பாபு அப்பாவின் நண்பர். கூடத்தில் ரசகுல்லாவை நிதானமாக விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"இலக்கணத்துல வேலையைச் செய்யறவன் கர்த்தா. சட்டத்துல எல்லாருக்காகவும் பொறுப்பு ஏத்துக்கறவன் கர்த்தா. உங்க வீட்டுல மட்டும்தான்டா மீன் தலை தின்னா கர்த்தா. அந்தக் கர்த்தாவை ஒரு வார்த்தை கேக்காம நான் பத்திரம் எழுத மாட்டேன்."

"வாங்க, கையும் களவுமாவே பிடிச்சுக் கேட்டுடலாம்" என்று தபன் எழுந்தான். வக்கீல் மூச்சிரைக்கப் பின்னால் ஏறினார்.

அண்ணன் அறை காலி. அடுத்த அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. தபன் தள்ளினான்.

பிரபீர் தரையில் உட்கார்ந்து, மீன் தலையிலிருந்து பொறுமையாக முள் எடுத்துக்கொண்டிருந்தார். எதிரே அம்மா, வெள்ளைப் புடவைத் தலைப்பால் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். மோவாயில் ஒரு சோற்றுப் பருக்கை.

"கோவிச்சுக்காதேடா தபு. பூஜையறைக் கோபாலன்கிட்ட தினமும் மன்னிப்பு கேட்டுட்டுத்தான் திங்கறேன். உங்கப்பா இருந்தவரைக்கும் இதோட ருசியே எனக்குத் தெரியாது."

தபன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனும் ஒரு முள்ளைத் தேடி எடுத்தான்.

"வக்கீல் பாபு, எங்க வீட்டுக் கர்த்தா சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க. பாகம் பிரிக்கலாமான்னு, முடிச்சதும் அவங்களையே கேளுங்க."