மாவு பிசையற மிஷின்

“மாவு பெசையற மிஷினெல்லாம் வேண்டாங்க. சும்மா மிக்ஸியே போதும். ஊட்ல கை இருக்குதில்ல?” என்றார் ரத்தினசாமி.

விற்பனைப் பெண் ரோஸ்மேரியின் பார்வை தானாக அவர் மனைவி ஜெயபாரதியின் வலது கைக்குப் போனது. மணிக்கட்டைச் சுற்றி பெல்ட் போட்டிருந்தது.

வீட்டு மிக்ஸி புகைந்து நின்றுவிட்டது. புதுசு வாங்கக் கிளம்பியபோது, “வாங்கறதுதான் வாங்கறீங்க, மாவும் பெசையற ஃபுட் பிராசஸரா வாங்குங்க” என்று கூடவே வந்தவர் ரத்தினசாமியின் அக்கா ஜானகியம்மாள். இப்போது தம்பி மேல் பாய்ந்தார்.

“ஏன்டா ரத்தினா, உனக்கு மனசாட்சி இருக்குதா? பனியன் கம்பெனி ஆரம்பிச்ச புதுசுல ஓவர்லாக் மிஷின்ல குனிஞ்ச தலை நிமிராம தைச்ச கைடா அது. அழுத்தி ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு டாக்டர் சொல்லீட்டாரு. உனக்குச் சக்கரை வந்ததுல இருந்து தெனமும் ராத்திரி சப்பாத்தி வேற. நம்மப்பனா வந்து பெசஞ்சு குடுக்கறாரு?”

“அவரு போய்ச் சேந்துட்டாருங்க்கா.”

“நக்கலுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல.”

ஜெயபாரதி கடையின் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு தரம் ஓட்டிக் காட்டுதேன் சார், பாத்துட்டுச் சொல்லுங்க. பாக்கதுக்குக் காசா பணமா?” என்று ரோஸ்மேரி ஜாரில் கோதுமை மாவைக் கொட்டினாள். தண்ணீர் விட்டுப் பொத்தானைத் திருப்பினாள். கொஞ்ச நேரத்தில் மாவு உருண்டு திரண்டு வந்தது.

“பாருங்க, கையே படல!”

ரத்தினசாமி அதில் ஒரு துளி கிள்ளி, துணியின் கனம் பார்ப்பதுபோல் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார்.

“தண்ணி பத்தல. இப்படிப் பெசஞ்சா சப்பாத்தி அப்பளமாட்ட வெரச்சுக்கும்.”

“அடேங்கப்பா! அடுப்படி வாசலே தெரியாதவன் பதம் சொல்றான்” என்று ஜானகியம்மாள் கையைத் தட்டிச் சிரித்தார். பிறகு முகம் மாறியது. “உங்கம்பெனில எல்லாத்துக்கும் மிஷின் இருக்குது. காலர் வெக்க ஒண்ணு, பட்டன் வெக்க ஒண்ணு. மடிச்சுக் கவர்ல போடக்கூட ஒண்ணு எறக்கியிருக்கற. ஊட்ல இருக்கறவளுக்கு ஒரு மிஷின்னா மட்டும் வலிக்குதாக்கும்?”

“கம்பெனி வேற, ஊடு வேறங்க்கா.”

பக்கத்தில் குக்கர் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள், “எல்லா ஊட்லயும் இதே கதைதானுங்க” என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

அது ஜானகியம்மாளுக்கு உரமேற்றியது. “ஏம்மா, அதையே பேக் பண்ணு. நான் வாங்கித் தாரேன். அம்மிணி கை இனி மாவுல படக் கூடாது.”

“வேண்டாங்க நங்கையா” என்றாள் ஜெயபாரதி நாத்தனாரிடம், அவசரமாக. கடைக்குள் வந்தபின் அவள் பேசிய முதல் வார்த்தை. “மிக்ஸியே போதுமுங்க.”

“பாத்தியா! எப்படிப் பயமுறுத்தி வெச்சிருக்கறான் பாரு!” ஜானகியம்மாள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “எக்கேடோ கெட்டுப் போங்க. நான் கார்ல உக்காந்திருக்கறேன்.”

மூன்று ஜார் மிக்ஸி ஒன்றை எடுத்து வைக்கச் சொன்னார் ரத்தினசாமி. பணத்தைக் கட்டி முடித்ததும் போன் அடித்தது. காதில் வைத்துக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார்.

ரோஸ்மேரி மிக்ஸிப் பெட்டிக்கு டேப் ஒட்டியபடி குரலைத் தாழ்த்தினாள்.

“தப்பா நெனைக்காதியக்கா. எங்க வீட்டுக்காரவுகளும் இப்படித்தான். தனக்கு வேணும்னா உடனே வாங்கிருவாக. நமக்குன்னா கை இருக்குல்லாம்பாக. நாளைக்கு நீங்க மட்டும் தனியா வாங்க. சத்தமில்லாம மாத்தித் தாறேன்.”

ஜெயபாரதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நல்ல மிஷின்தான் கண்ணு. ஆனா அது வந்துட்டா எனக்குத்தான் நஷ்டம்.”

“என்னக்கா சொல்லுதிய?”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ரத்தினசாமி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தார். சாயத்தில் கலர் மாறிப்போன துணிக்காக யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஜானகியம்மாள் உட்கார்ந்திருந்த கார் கண்ணாடி ஏற்றியிருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள் ஜெயபாரதி.

“எங்க நங்கையாகிட்டச் சொல்லீராத. தம்பி அடுப்படிக்குப் போறான்னு தெரிஞ்சா அவங்களே ஊரைக் கூட்டீருவாங்க. எனக்குக் கை இப்படி ஆனதுல இருந்து மாவு பெசையறது அவருதான்.”

ரோஸ்மேரியின் கையில் டேப் அப்படியே நின்றது.

“கம்பெனி விட்டு வந்தா தூங்கற வரைக்கும் இந்த போன்தான் கண்ணு. கை பூரா மாவா இருக்கற அந்தக் கொஞ்ச நேரந்தான் எடுக்க முடியாது. அப்பத்தான் எங்கூடப் பேசறாரு.” ஜெயபாரதி பெட்டியை இடது கையில் வாங்கிக்கொண்டாள். “நேத்துப் பாரு, போன் அடிச்சிட்டே கெடக்குது. இவரு பெசஞ்சு முடிச்ச மாவையே மறுபடியும் பெசஞ்சிட்டிருக்கறாரு!”