பச்சை மைத் தாள்

"உங்க வருமான வரிக் கணக்கை யார் போடறாங்க? நீங்களேவா, ஆடிட்டரா, தெரிஞ்சவங்க யாராவதா?"

"நானேதான்," என்றார் மூன்றாம் மாடி பஸ் டிரைவர், வாய் கூசாமல்.

சர்வே எடுக்க வந்தவள் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒரு தாள் ஒட்டியிருந்தது. வரிக் கணக்குதான். முழுக்கப் பச்சை மை.

காலையிலிருந்து இதே கூத்து. எட்டு வீடு உள்ள கட்டடத்தில் ஏழு முடிந்துவிட்டது. ஏழு பேரும் சொல்லிவைத்த மாதிரி "நானேதான்" என்கிறார்கள். ஏழு வீட்டிலும் அதே பச்சை மைத் தாள், அதே சாய்ந்த எழுத்து. ஒரு வீட்டில் தையல் மெஷின் மேல் கிடந்தது. இன்னொரு வீட்டில் நியூஸ் பேப்பருக்கு அடியில்.

ஏழு பேருக்கும் எப்படி ஒரே கையெழுத்து? அவளுக்குத் தலை சுற்றியது.

படிவத்தின் கடைசிக் கட்டம்தான் அவளுக்கு எப்போதும் தொல்லை. அதை வெளியே வந்து அவளே நிரப்ப வேண்டும். 'பதில் சொன்னவரை நம்பலாமா? ஆம் / இல்லை.' இந்த நாலு மாதத்தில் அவள் ஒரு தடவைகூட 'இல்லை' போட்டதில்லை. ஆபீஸில் அவளுக்கு 'ஆமாம்மா' என்றே பெயர் விழுந்துவிட்டது.

போன வாரம் சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார். "பொய்யே சொல்லாத ஆளுங்க வீடாப் பார்த்துப் பார்த்துப் போறியாம்மா? இந்த வாரமும் எல்லாத்துக்கும் 'ஆம்'னு வந்தா, திங்கக்கிழமை வேலைக்கு வரவேண்டாம்."

"'இல்லை' போட்டா என்ன சார் பண்ணுவீங்க?"

"நானே நேர்ல போய், அந்தக் கட்டடத்துல எல்லாரையும் ஒண்ணா நிக்க வெச்சு விசாரிப்பேன்."

எட்டாவது வீடு தரைத்தளத்தில். கதவைத் திறந்த பெரியவரின் சட்டைப் பையில் பச்சை மூடி போட்ட பேனா இருந்தது. மேஜையில் ஒரு பூதக்கண்ணாடி.

"என் கணக்கா? நானேதான்மா," என்றவர், குரலைத் தாழ்த்தினார். "மேல எல்லாரும் என்ன சொன்னாங்க?"

"அதைச் சொல்லக் கூடாது சார்."

"சொல்லவே வேண்டாம். தானே போடறதாத்தான் சொல்லியிருப்பாங்க." அவர் சிரித்தார். "முப்பது வருஷம் வரி ஆபீஸ்ல குப்பை கொட்டினவன் நான். ஏழு வீட்டுக்கும் நான்தான் எழுதிக் குடுக்கறேன். அதைப் பார்த்து கம்ப்யூட்டர்ல ஏத்தறது மட்டும்தான் அவங்க வேலை. தெரியலைன்னு சொல்ல வெக்கப்படறாங்க, பாவம். அவங்க சொன்னதையே எழுதிக்கோம்மா. நான் காட்டிக் குடுத்ததா இருக்க வேண்டாம்."

வெளியே வந்தவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏழு பேரும் சேர்ந்து காதில் பூ சுற்றியிருக்கிறார்கள். இவர்களை நம்பி இவள் வேலையை இழக்க வேண்டுமா?

படியில் உட்கார்ந்து முதல் படிவத்தை எடுத்தாள். 'இல்லை' மேல் பேனாவை வைத்தபோதுதான் பார்த்தாள், அதில் கையெழுத்தே வாங்கவில்லை. முதல் மாடி நர்ஸுடையது. எழுந்து ஏறினாள்.

நர்ஸ் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். பக்கத்தில் பச்சை மைத் தாள், அதன் மேலெல்லாம் பென்சில் வட்டங்கள்.

"நானேதான்னு சொன்னீங்களே. இதை எழுதினது கீழ்வீட்டு சார்தானே?"

நர்ஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"அவர்தான் எழுதுவார். நாங்க நன்றி சொல்லி வாங்கிக்குவோம். அப்புறம் தாளை ஓரமா வெச்சுட்டு, முதல்லேர்ந்து நாங்களே போடுவோம். ரெண்டு வருஷமா அவருக்குக் கண்ணு சரியில்லைங்க. மூணு எது, எட்டு எதுன்னு தெரியலை. ஏழு வீடும் மொட்டைமாடியில கூடிப் பேசித்தான் இப்படி முடிவு பண்ணோம்."

"வேண்டாம்னு சொல்லிடலாமே?"

"தனி ஆளு. வருஷத்துல இந்த ஒரு மாசம்தான் ஷர்ட்டுக்கு இஸ்திரி போட்டு உக்கார்றாரு. எப்படிங்க சொல்றது?"

பொய் என்று நினைத்த ஏழும் உண்மை. கண்ணால் பார்த்ததுதான் தப்பு.

"அப்போ அவரோட சொந்தக் கணக்கு?"

நர்ஸ் மேஜையில் இருந்த தாளைக் காட்டினாள். "இதான் அது. ஏத்திவிடச் சொல்லி என்கிட்ட குடுத்திருக்காரு. பதினோரு தப்பு. இதையும் நான்தான் புதுசாப் போடறேன். தெரிஞ்சா மனுஷன் பேனாவையே தொட மாட்டாரு."

மறுபடி படியில் வந்து உட்கார்ந்தாள். ஏழு படிவத்திலும் 'ஆம்' போட்டாள். எட்டாவது கையில் இருந்தது. 'நானேதான்.' அந்தக் கட்டடத்திலேயே உண்மையில்லாத பதில் அது ஒன்றுதான். திங்கட்கிழமை அவளைக் காப்பாற்றவும் அது ஒன்று போதும்.

சூப்பர்வைசர் இங்கே வந்து எல்லாரையும் நிற்க வைத்து விசாரிப்பதை நினைத்துப் பார்த்தாள்.

'ஆம்' என்று டிக் போட்டாள்.

பிறகு கீழே போய்க் கதவைத் தட்டினாள்.

"சார், என் வரிக் கணக்கு ஒண்ணு இருக்கு. தலையும் புரியலை, வாலும் புரியலை. கொஞ்சம் போட்டுத் தரீங்களா?"