சிஸ்டர் இல்லீங்க

"செத்தாலும் நான் அந்த ஆஸ்பத்திரி ஸ்கூல்ல சேர மாட்டேன்!"

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள் வாலு. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தாலும் வீட்டில் அவள் வாலுதான். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிறகும் அந்தப் பட்டப்பெயர் போகவில்லை.

"சாகிறதுக்கும் அங்கதான்டி வரணும். உட்காரு, சாப்பாடு ஆறுது" என்றாள் அம்மா. அந்த மருத்துவமனையில்தான் அவளுக்கு வார்டு ஆயா வேலை.

வாலு நர்ஸ் ஆவதில் வீட்டில் யாருக்கும் மறுப்பில்லை. எந்த வழியாக என்பதில்தான் ஒரு வாரமாகக் குடுமிப்பிடி. அவள் கேட்டது ஊருக்கு வெளியே இருக்கும் தனியார் கல்லூரி. நான்கு வருடம், கையில் நேரே பட்டம். அம்மா சொன்னது மருத்துவமனையை ஒட்டிய நர்சிங் பள்ளி. முதலில் டிப்ளமோ, பிறகு அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு, மாலை வகுப்பில் பட்டம்.

"தலையைச் சுத்தி மூக்கைத் தொடச் சொல்றே."

"எப்படித் தொட்டாலும் மூக்கு ஒண்ணுதானே? பட்டத்துல 'இவ சுத்திக்கிட்டு வந்தவ'ன்னா எழுதப் போறாங்க?"

"அந்த காலேஜ் எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா? நீ சொல்ற இடத்துல வயசு வரம்பே கிடையாதாம். பிள்ளை பெத்தவங்க எல்லாம் பக்கத்து பெஞ்சுல வந்து உட்காருவாங்களாம். தினமும் நான் அவங்களுக்கு 'வணக்கம் ஆன்ட்டி' சொல்லிட்டு இருக்கணுமா?"

அம்மா தண்ணீர்ச் செம்பை எடுத்தாள்; குடிக்காமலே கீழே வைத்தாள்.

"கடன் வாங்கித்தான் உன்னை அங்கே சேர்க்கணும். நீ சம்பளம் வாங்க ஆரம்பிச்சதும் முதல் ஆளா கடன்காரன் வாசல்ல நிப்பான்" என்றாள் கடைசியில். "அங்கே கொட்டுற பணத்துல இங்கே ரெண்டு பேர் படிச்சிடலாம். ஊழியர் வீட்டுக்குப் பாதிக் கட்டணம் வேற. நானும் பன்னிரண்டு முடிச்சவதான்டி, எனக்கும் கணக்கு வரும்."

"ரெண்டாவது ஆள் யாரு, அப்பாவா?"

"ஐயோ, ஆளை விடுங்க. ஊசியைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும்" என்றார் அப்பா. அச்சகத்தில் வேலை பார்ப்பவர். கழுவியும் போகாத மை விரல்களால் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நீயாவது அம்மாகிட்ட சொல்லேன்ப்பா."

"இந்த வீட்டுல என்னோடது செல்லாத ஓட்டு, கண்ணு."

வாலுவுக்கு ஆத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. "நீ கடைசி வரைக்கும் ஆயாவாவே இருந்துட்டே. அதான் நான் நேரா மேல போறது உனக்குப் பிடிக்கலை!"

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கொட்டியதை அள்ள முடியுமா?

அம்மா கோபப்படவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

வாலுவுக்கு ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. சாப்பாட்டுக் கூடையோடு அம்மாவைத் தேடி வார்டுக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பது. யாராவது ஒரு நோயாளி "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிடுவார். அம்மா ஓடிப் போய் அவரை நிமிர்த்தி உட்கார வைப்பாள், முதுகைத் தடவிக்கொடுப்பாள், பிறகு சிரித்துக்கொண்டே சொல்வாள்: "நான் சிஸ்டர் இல்லீங்க, ஆயா. இருங்க, அவங்களைக் கூப்பிடறேன்." எத்தனை பேர் கூப்பிட்டாலும் அதே பதில், அதே சிரிப்பு.

மறுநாள் காலை வாலு வெள்ளைக்கொடி காட்டினாள். "சரி, அங்கேயே சேர்றேன். நீ சொன்னதுக்காக இல்ல, கடனுக்குப் பயந்து."

"எதுக்குப் பயந்தா என்ன, சேர்ந்தா சரி" என்றாள் அம்மா.

ஆனாலும் வாலுவுக்குக் கடுப்பு முழுதாகத் தீரவில்லை. தன் உயிரியல் புத்தகங்களை எடைக்குப் போடக் கட்டி வைத்தாள். அம்மா கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தூசி தட்டி மறுபடி அலமாரியில் அடுக்கினாள். "இருக்கட்டும்டி, ஆகும்."

சீருடை தைக்க, மருத்துவமனைக்கு எதிரே இருந்த கடைக்கு அம்மாதான் அழைத்துப் போனாள். சுவர் முழுக்க வெள்ளைத் துணி. கழுத்தில் டேப் தொங்க நின்ற தையற்காரர், வாலுவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாங்க சிஸ்டர், கையை அகட்டுங்க."

சிஸ்டர்! அந்த ஒரு வார்த்தையில் வாலுவின் ஒரு வாரக் கோபம் கரைந்தது. கண்ணாடியில் தன்னையே ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பிரிச்சு விட இடம் வெச்சுத் தைங்க. வளர்ற பிள்ளை" என்றாள் அம்மா.

"இன்னும் வளர்றதுக்கு நான் என்ன புடலங்கொடியா?"

தையற்காரர் சிரித்துக்கொண்டே தோள், இடுப்பு, உயரம் எல்லாம் அளந்து முடித்தார். வாலு நகர்ந்து வந்து செருப்பை மாட்டினாள். அவர் டேப்பைச் சுருட்டவில்லை. அவளைத் தாண்டிப் பார்த்தார்.

"அடுத்து நீங்க வாங்க, சிஸ்டர்."

வாலுவுக்குச் சிரிப்பு வந்தது. இதோ, அம்மா வழக்கமான பதிலைச் சொல்லப் போகிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாள்.

அம்மா அதைச் சொல்லவில்லை. கைப்பையை வாலுவிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடி முன்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் அகட்டினாள்.

"வகுப்புல வந்து 'வணக்கம் ஆன்ட்டி' மட்டும் சொல்லிடாதேடி."