வேலிக்கு வெளியே ஒரு ஆள்

"ஆரம்பிச்சுட்டா பாரு, மறுபடியும் கையைத் தூக்குறா" என்று என் காதோரம் முணுமுணுத்தாள் சோனுன்.

மே மாதப் பொதுத் தேர்வைப் பற்றிப் பெற்றோருக்குப் புரியவைக்க நாரின் நகரத்திலிருந்து ஓர் அதிகாரி எங்கள் பள்ளிக்கு வந்திருந்தார். அதில் நல்ல மதிப்பெண் எடுத்தால்தான் பல்கலைக்கழகத்தில் இலவச இடம். இல்லையென்றால் எங்கள் பிள்ளைகள் ஆடு மேய்க்க வேண்டும், அல்லது மாஸ்கோவுக்கு ரயில் ஏற வேண்டும்.

கையைத் தூக்கியவள் சூரா. என் மகனோடு படிக்கும் பெரிசாத்தின் சித்தி. பெரிசாத்தைப் பெற்ற கென்ஜெகுல் மாஸ்கோவில் தரை துடைக்கப் போன இரண்டாம் வருடமே, அவள் புருஷனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் வந்தவள். ஊரில் பாதிப் பேர் இவளைத் தேநீருக்குக் கூடக் கூப்பிடுவதில்லை. நானும் அந்தப் பாதியில்தான்.

"தப்பா எழுதினா மார்க்கைக் குறைப்பாங்களா சார்?"

"குறைக்க மாட்டாங்க. தெரியலைன்னாலும் ஏதாவது ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கிட்டு வரச் சொல்லுங்க."

சூரா தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். உட்காரவில்லை.

"நடுவுல இடைவேளை உண்டா?"

"உண்டு."

மறுபடியும் தலையைச் சாய்த்தாள்.

"பயந்தா பொண்ணுக்கு மூக்குல ரத்தம் வரும் சார். கைக்குட்டை கொண்டுபோக விடுவாங்களா?"

"பெத்தவ மாதிரி என்னமா உருகுறா!" என்றாள் சோனுன், எல்லோருக்கும் கேட்கும்படியே. "நாலு பேருக்கு முன்னால நடிப்பு."

எனக்கும் எரிச்சல்தான். வீட்டில் பால் கறக்காமல் மாடு கத்திக்கொண்டிருக்கும்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு சார். இடைவேளைல பிள்ளைங்க பள்ளிக்கூட வேலிகிட்ட வந்து வீட்டு ஆளைப் பார்க்கலாமா?"

அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, பரீட்சையைப் பத்திக் கேளுங்க! ஆமா, தலைத்துணிக்குள்ள என்ன அது? போனா? எல்லாரும் அணைச்சு வைங்கன்னு முதல்லயே சொன்னேனே!"

கூடமே சிரித்தது. "ரகசியமா யாரோட பேச்சோ!" என்றாள் சோனுன்.

சூராவின் முகம் சிவந்துவிட்டது. காதோரம் சொருகியிருந்த போனை அவசரமாக உருவினாள். விரல் எங்கோ பட்டு ஸ்பீக்கர் திறந்துகொண்டது.

முதலில் வாளி உரசும் சத்தம். பிறகு அழுகையை அடக்கிக்கொண்ட ஒரு குரல். நாலு வருடமாக இந்த ஊர் கேட்காத குரல். ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சிரிப்பு நின்றது.

"அணைச்சிடாதே சூரா! அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வாங்கிக் குடுடி. எம்பொண்ணு வேலிகிட்ட வந்து தேடுறப்போ நான்தான் இருக்கமாட்டேன், நீயாவது நிக்கலாமான்னு கேளு!"