பேஷன்ட்டை பேஷன்ட்டாக ஏற்க முடியாது

திரையில் மறுபடியும் சிவப்பு.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். மேஜைக்கடியில் இருந்த துணிக்கடைப் பை காலில் இடித்தது.

பைக்குள் குக்கர்.

ஆபீசுக்குக் குக்கரோடு வருகிறவள் கோயமுத்தூரிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். சாயங்காலம் போகிற வழியில் அம்மா வீட்டில் வைத்துவிடப் போகிறாள். அப்படியாவது அந்த மனுஷன் வாயைத் திறக்கட்டும்.

அந்த மனுஷன் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறான். இளம்பரிதி. பழைய பக்கத்து சீட், புதுப் புருஷன்.

கல்யாணமாகி ஆளுக்கொரு குக்கரோடு குடிவந்தார்கள். அடுப்பு மேடையோ ஒரு முழம். நேற்று அவன் சொன்னான்: "ரெண்டு எதுக்கு? ஒண்ணை எடுத்துரலாம்."

எதை என்று சொல்லவில்லை.

அவளுடையது ஹாஸ்டல் காலத்துக் குக்கர். பிடி ஆடும். அதை நம்பித் தூக்க முடியாது, அடியில் கை கொடுத்துத்தான் தூக்குவாள். எதைச் சொல்லியிருப்பான் என்று கேட்கவா வேண்டும்?

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவனும் உம்மென்று ஆகிவிட்டான். சமையலறையில் ரொம்ப நேரம் விளக்கு எரிந்தது. என்னவோ செய்துகொள்ளட்டும் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

காலையில் தனித்தனி வண்டியில் வந்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு முதல் சண்டை. இது எப்படி முடியும் என்று அவளுக்குத் தெரியவில்லை. முடியாமலே போய்விடுமோ என்றுகூடப் பயமாக இருந்தது.

திரையைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக்கான மென்பொருள். நோயாளிகளைப் பதிவது அவள் பகுதி. பில் போடுவது அவன் பகுதி. தனித்தனியாக ஓட்டினால் இரண்டும் தங்கம். சேர்த்து ஓட்டிப் பார்க்கிற சோதனையில்தான் மல்லுக்கு நிற்கின்றன. அவள் பகுதி அனுப்புகிற பேஷன்ட்டை, பேஷன்ட்டே இல்லை என்கிறது அவன் பகுதி.

'பேஷன்ட்டை பேஷன்ட்டாக ஏற்க முடியாது.'

அதே பெயர். அதே வரிகள். ஒரு புள்ளிகூட மாறவில்லை. என்ன வீம்பு இது!

டீம் லீடர் நசீமா மேடம் வந்து குனிந்து பார்த்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ரெண்டு பேரும் அந்த பேஷன்ட் கிளாஸை ஆளுக்கொரு காப்பி உள்ள வெச்சிருக்கீங்க. ஜாவாவுக்கு அது ரெண்டும் வேற வேற ஆளுங்க. ஒருத்தர் எடுத்துருங்க, இன்னொருத்தர்கிட்ட இருந்து வாங்கிக்கலாம். யாருன்னு நீங்களே பேசிக்குங்க, சுகிர்தா."

பேசிக்கொள்வதாம்!

பேஷன்ட் என்றால் என்னென்ன விவரம் என்று சொல்லும் அந்த நிரல் துண்டை ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டது கல்யாணத்துக்கு முன்பு. எதற்கு அவனைத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று அவள் ஒன்று வைத்தாள். எதற்கு அவளைத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று அவன் ஒன்று வைத்தான். அப்போது அவ்வளவு மரியாதை.

தடுப்புக்கு மேலே அவன் தலைமுடி தெரிந்தது. உச்சியில் கொஞ்சம் நட்டுக்கொண்டிருந்தது. மற்ற நாளாக இருந்தால் எழுந்து போய் அமுக்கிவிட்டிருப்பாள். பாழாய்ப்போன பாசம், கோபமாக இருக்கும்போதுகூடக் கண்ணை அங்கேயே இழுத்துக்கொண்டு போகிறது.

சரி, போ. அவனுடையதே இருக்கட்டும்.

தன் பிரதியை நீக்கினாள். அவனிடம் சொல்லவில்லை. சோதனையை ஓட்டினாள்.

சிவப்பு.

இந்த முறை செய்தி வேறு.

'பேஷன்ட் கிளாஸ் எங்குமே இல்லை.'

எங்குமே இல்லையா? அவனிடம் இருக்குமே!

அவன் பகுதியைத் திறந்து பார்த்தாள். அவளுக்குச் சற்று முன்னால்தான் அவனும் தன்னுடையதை நீக்கியிருந்தான். அவனும் சொல்லவில்லை.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு செருமல்.

அவன் எழுந்து வந்து அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். காது சிவந்திருந்தது.

"உன்னோடதே இருக்கட்டும்னுதான் எடுத்தேன்," என்றான். பிறகு, இன்னும் தணிந்த குரலில், "என் குக்கரையும் காலைல எங்கக்கா வீட்டுல குடுத்துட்டேன் சுகி. நேத்து நான் சொன்னதே அதைத்தான்."

அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

தன் பிரதியைத் திரும்ப வைத்தாள். அவன் பகுதி அதை இங்கிருந்தே வாங்கிக்கொள்ளும்படி அவன் குனிந்து ஒரு வரி சேர்த்தான். சோதனை ஓடத் தொடங்கியது.

அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, மேஜைக்கடியில் இருந்த பையைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் உள்ளே பார்த்தான். அவளைப் பார்த்தான். குக்கரைப் பிடியைப் பிடித்துத் தூக்கினான்.

"ஐயோ, பிடியைப் பிடிக்காதீங்க, ஆடும்!"

ஆடவில்லை.

பிடியில் புது ஸ்க்ரூ ஒன்று பளபளத்தது.