நகல் எடுக்காத காதுகள்

டேப்லெட்டில், செவிச் சோதனைப் பட்டியலின் அடுத்த பெயரைத் தொட்டாள்.

அதே கோடு.

அதற்கும் அடுத்த பெயர். அதே கோடு.

டேப்லெட்டை மேசையில் வைத்துவிட்டுக் கண்களைக் கசக்கினாள். இந்த வாரம் முழுக்க விசைத்தறி ஊர்களின் பள்ளிகள். எந்த வகுப்பறையில் உட்கார்ந்தாலும் சுவருக்கு அப்பால் தறி ஓடியது. களைப்பில் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பத் தொட்டிருக்கலாம்.

இல்லை. பெயர்கள் வேறு வேறு.

கோடு ஒன்றுதான். வலது காதில், கீச்சென்ற ஒலிகள் தொடங்கும் இடத்தில், குறை என்று கணக்கில் வராத ஒரு சின்னப் பள்ளம்.

சிறுவயதில் பொன்னுக்கு வீங்கி வந்து, போகும்போது விட்டுச் சென்ற பள்ளம் அது.

அவளுடைய காது.

கடைசிக் குழந்தை எழுந்து போனதும் கருவியின் முனையைத் துடைத்திருந்தாள். சரியாக இருக்கிறதா என்று தன் காதில்தான் செருகிப் பார்த்திருந்தாள்.

கருவியோடு வந்த சி மொழி நிரல், ஒவ்வொரு காதின் அளவையும் நினைவகத்தில் ஒரே இடத்தில்தான் எழுதும். முந்தையதை அழித்துவிட்டு எழுதும். அதை டேப்லெட்டின் ஜாவா செயலியோடு இணைக்கும் உறை நிரலை எழுதியவள் அவள். அளவுகளை நகல் எடுத்து அந்தந்தப் பெயரின் கீழ் வைத்திருக்க வேண்டும். அவள் ஒவ்வொரு பெயரிலிருந்தும் அந்த இடத்தை மட்டும் சுட்டிக்காட்டிவிட்டாள். நகல் எடுப்பது வீண் வேலை என்று அன்றைக்குத் தோன்றியது.

ஒரே கரும்பலகை. பள்ளி முழுவதும் அதையே காட்டும் விரல்கள். அதில் நிற்பது கடைசியாக எழுதியது மட்டும்.

அலுவலகத்தில் சோதித்தபோது தவறு தெரியவில்லை. அங்கே இருந்தது இந்த ஒரு காதுதான். பள்ளியில் இந்த உறையை ஓட்டியது இன்றைக்குத்தான்.

பிள்ளைகளின் அளவுகள் இப்போது எங்கும் இல்லை. கருவியில்கூட இல்லை. குழந்தை கையைத் தூக்கவோ பதில் சொல்லவோ வேண்டாத சோதனை. முனையைச் செருகினால் கருவியே பார்த்துக்கொள்ளும். யாருக்குக் கேட்கவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தெரியாது.

இதே திரையில் எல்லாப் பெயருக்கும் பச்சைக் குறியைப் பார்த்துவிட்டுத்தான் செவிப் பரிசோதகர் கோகிலவாணி வராந்தாவுக்குப் போயிருந்தார். அங்கே காத்திருந்த பெற்றோரிடம் அவர் பேசுவது உள்ளே கேட்டது.

“எல்லாருக்கும் நல்லாக் கேக்குதுங்க. ஒருத்தருக்கும் குறையில்ல.”

“தறி ஓடுற ஊர்ல இத்தன நல்ல காதுங்களா? அப்ப எங்களுக்குத்தானுங் செவுடு!”

பெற்றோரின் சிரிப்பு அடங்கியதும் ஒரு பெண்ணின் குரல்.

“எம் புள்ள தன்ஷிகாவுக்குமுங்களா?”

“அவளுக்கும்தான்.”

அந்தப் பெண் மூச்சு விட்டது உள்ளே கேட்டது. பிறகு குரல் மாறியது.

“அப்ப இத்தன நாளா கூப்புடக் கூப்புடத் திரும்பாம இருந்தது திமிருதான? நாங்கூட என்னமோன்னு பயந்தேன். மெசினே சொல்லிருச்சு. ஊட்டுக்கு வா, வெச்சுக்கறேன்.”

உள்ளே இருந்தவள் டேப்லெட்டைக் கையில் எடுத்தாள்.

நிரலைத் திருத்துவதற்கு ஒரு வரி போதும். நாளைக்கு வேறு ஏதாவது காரணம் சொல்லி எல்லோரையும் மறுபடி வரவழைக்கலாம். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் குழந்தை இன்றைக்கு வீட்டுக்குப் போகிறாள்.

எழுந்து வராந்தாவைத் தாண்டி முற்றத்துக்கு வந்தாள். அந்தப் பெண் மகளின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலை நெருங்கியிருந்தாள். இவள் ஓடிப்போய் அவர்கள் முன்னால் நின்றாள்.

“அக்கா, அது பாப்பாவோட காது இல்லைங்க. என்னோடது.”

“என்னங் சொல்றீங்க?”

“நான் பண்ணின தப்பு. மெஷின் காட்டினது என் காதை. பாப்பாவுக்குக் கேக்குதா இல்லையான்னு இன்னும் யாருக்கும் தெரியாது.”

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த கோகிலவாணி நிமிர்ந்தார்.

குழந்தை தன் முன்னால் நின்று பேசியவளின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்ததும் பார்வை அம்மாவின் உதடுகளுக்குத் தாவியது.

அம்மா வார்த்தையைப் பாதியில் நிறுத்தினாள்.

பார்வையும் அங்கேயே நின்றது. மீதி வார்த்தைக்காக.

காதைப் பிடித்திருந்த விரல்கள் பிரிந்தன. கை மட்டும் கீழே இறங்காமல் அந்தக் காதருகிலேயே இருந்தது.