தவறாத ஆறு மணி

"அக்கா, பஸ் கிளம்பிடும்! அலையெல்லாம் அப்புறம் காட்டலாம், ஏறுங்க!"

தோழி கத்தியது காதில் விழாத மாதிரி, அவள் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ரெண்டே நிமிஷம்டி. ஆறு மணி தவறினா மேடம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாங்க."

மேடத்துக்கு மூன்றரை வயது.

கடற்கரை மண்ணைப் பற்றிப் படிக்க அவள் இந்த நாட்டுக்கு வந்தபோது மகளுக்கு ஒன்றரை வயது. இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட ஊருக்குப் போக வாய்க்கவில்லை. லீவு விட்டால் போதும், மண் எடுக்க ஏதாவதொரு கரைக்கு வகுப்பையே ஓட்டிக்கொண்டு போய்விடுவார் பேராசிரியர்.

அறைக் கதவில் கால அட்டவணை ஒட்டியிருந்தாள். திங்கள் துணி துவைக்க, புதன் சமைக்க, சனி கட்டுரை எழுத. எது வேண்டுமானாலும் இடம் மாறும். மகளோடு பேசும் ஆறு மணி வீடியோ கால் மட்டும் மாறாது. ஓடும் பஸ்ஸில் பேசியிருக்கிறாள், வாஷிங் மெஷின்மேல் போனைச் சாய்த்துவைத்துப் பேசியிருக்கிறாள், காய்ச்சலில் போர்வைக்குள் இருந்தும் பேசியிருக்கிறாள்.

"ஒருநாள் விட்டாத்தான் என்னக்கா?"

"இன்னிக்கு ஒருநாள்னு விட்டா நாளைக்கும் விடுவேன். பிள்ளைக்கு என்னைத் தெரியாமப் போச்சுன்னா, இந்தப் பட்டத்தை வெச்சு நாக்கு வழிக்கவா?"

தெரியாமல் போகவில்லை. போன வாரம் மகள் வரைந்த படம் ஒன்றைக் கணவன் அனுப்பியிருந்தான். அதில் அப்பா ஒட்டகச்சிவிங்கி மாதிரி நெடுநெடுவென்று நின்றார். பக்கத்தில் அம்மா, இடுப்போடு சரி.

"உங்களுக்குத் தாள் பத்தலை போலக்கா!" தோழி சிரித்தாள்.

"அது கெடக்கு. கண்ணாடியைப் பாரு, மோவாய் மச்சத்தைப் பாரு! அச்சு அசல் நான்தான்!" அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மண் எடுக்கும் அடுத்த பயணம் புயலால் ரத்தானது. ஆறு நாள் கையில் மிஞ்சியது. வீட்டில் யாரிடமும் மூச்சு விடாமல் விமானம் ஏறிவிட்டாள்.

விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் வீட்டு வாசலில் நின்று மணியடித்தாள். உள்ளே குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். எக்கித் தாழ்ப்பாளை நீக்கியது, மேல் உதட்டில் பால் மீசையோடு மகளேதான்.

பெட்டியை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்தாள். "என் தங்கமே! அம்மா வந்துட்டேன் பாரு!"

முகத்தைப் பார்த்ததும் மகள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். ஓரடி எடுத்தும் வைத்தாள். பிறகு அவள் பார்வை மெல்லக் கீழே இறங்கி, அங்கேயே நின்றது. சிரிப்பு அணைந்தது. பின்வாங்கி, கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வீரிட்டாள்.

"அப்பா, ஓடி வாங்க! இது அம்மா இல்ல... இதுக்குக் கால் இருக்கு!"